இறங்கிப் பார்க்கிறவர்

என் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிய ஏழெட்டு நிமிடமே பாக்கி இருந்தபோதுதான் பெண் வந்து சேர்ந்தாள். திருமழபாடிக் கோயிலில் மாலையும் கழுத்துமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார், என்னைப் பாவமாகப் பார்க்கிறார். என் பெரிய மாமா கோயிலுக்கும் தெருமுனைக்கும் நடையாய் நடக்கிறார். கடைசியில் பெண் வீட்டுக் கார் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியவர் முழங்கால்வரை நனைந்த பட்டுவேட்டியோடு இருந்தார். பெண்ணின் அண்ணன். என் மச்சான்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மழை. வழியில் ஒரு தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போயிருக்கிறது. கணுக்கால் அளவுதான் இருக்கும் என்றிருக்கிறார் டிரைவர். அவர்கள் கண்ணெதிரே ஒரு டவுன் பஸ் அதைத் தாண்டிப் போயுமிருக்கிறது. இவர் மட்டும் "இருங்க, எறங்கிப் பாத்துட்டு வரேன்" என்று குடையை மடக்கி ஊன்றுகோல்போலப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நட்டநடுவில் போய் நின்று ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொண்டாராம். "அண்ணன் தலையில கை வெச்சுக்கிட்டு நின்னத பாத்ததும் கல்யாணமே நின்னுபோச்சோன்னு பயந்துட்டேங்க" என்று என் மனைவி இன்றும் சொல்வாள். திரும்பி வந்தவர் வண்டியைத் திருப்பச் சொல்லி, ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் அழைத்து வந்திருக்கிறார்.

"பஸ்ஸே போயிருக்கு, ஒங்களுக்கு என்னய்யா கேடு?" என்று மாமா எகிறினார்.

மச்சான் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னார். "பஸ்ஸுல எந்தங்கச்சியா போறா? பொண்ணு வந்துட்டால்ல? நனையாம வந்துட்டால்ல? தாலியக் கட்டச் சொல்லுங்க."

அந்தத் தரைப்பாலம் ஒரு செங்கல் பெயராமல் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் வண்டியில் போகும்போதெல்லாம் மச்சானிடம் சொல்லிக் காட்டுவேன். "அன்னிக்கு இருந்த தண்ணி வேற மாப்ள" என்பார். கோபப்பட மாட்டார். கோபம் முழுவதும் என் பங்குக்கு வந்திருந்தது. பெரம்பலூரில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். சுவிட்சைத் தட்டினால் ஓட வேண்டும், ஓடாவிட்டால் கழற்ற வேண்டும். இடையில் நின்று யோசிக்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மச்சான்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவர் டம்பர் லாரி ஓட்டினார். மைன்ஸ் என்றுதான் அங்கே சொல்வார்கள். பூமியை ஏரிபோல அகலமாகத் தோண்டி, படிப்படியாக இறங்கி, அடியில் வெட்டிய கல்லை ஏற்றிக்கொண்டு சரிவுப்பாதையில் மேலே வரவேண்டும். ஒரு மழை பெய்தால் போதும், நேற்று இருந்த பாதை இன்று இருக்காது. தினமும் முதல் நடைக்கு முன்னால் அவர் டம்பரை மேலேயே நிறுத்திவிட்டு அந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்ப்பாராம். மற்றவர்கள் ஒரு நடை அடித்துவிட்டு டீ குடிக்கும்போதுதான் இவர் சாவியைப் போடுவார். 'எறங்கி' என்றே அவருக்குப் பட்டப்பெயர். "எறங்கி வந்துட்டாப்லயா?" என்று கேட்டுவிட்டுத்தான் சூபர்வைசரே மழைநாளில் வேலையைத் தொடங்கச் சொல்வார் என்று கேள்விப்பட்டேன். கிண்டல் செய்தவர்களும் அவர் நடந்து வந்த பிறகுதான் ஓட்டினார்கள்.

அவருக்கென்று மூன்று சைகைகள் உண்டு. தூரத்தில் நின்று கையை உயர்த்தி இரண்டு முறை இறக்கினால், வரலாம். இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே குறுக்கே போட்டால், வராதே. ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால், இன்னும் பார்த்து முடிக்கவில்லை, இரு. இந்த மூன்றாவதுதான் என்னைக் கொன்று எடுத்தது. அந்தக் கை ஐந்து நிமிடமும் தலையில் இருக்கும், கால் மணி நேரமும் இருக்கும்.

எதற்காக இப்படி ஒவ்வொரு இடத்திலும் இறங்குகிறீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார். கால் மரத்துப்போச்சு என்பார். வெத்தலை துப்பப் போனேன் என்பார். அவர் வெற்றிலையே போடமாட்டார். ஒரே ஒரு தரம் மட்டும் நின்று பதில் சொன்னார். "உள்ள ஒக்காந்திருந்தா ரோடு தெரியும் மாப்ள. தரை தெரியாது."

ஒரு ஆயுத பூஜையன்று குடும்பத்தாரைச் சுரங்கத்துக்குள் விட்டார்கள். மாலை போட்ட டம்பரில் எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார் மச்சான். சரிவில் பாதி இறங்கியதும் வண்டி நின்றது. வழக்கம்போல இறங்கினார். நான் பல்லைக் கடித்தேன். ஆனால் அன்று அவர் பாதையைப் பார்க்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் குனிந்து எதையோ எடுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் கல். அதில் நத்தைபோலச் சுருண்டு சுருண்டு உள்ளே போகிற ஒரு வடிவம், சுருளெல்லாம் சீப்புப் பல்போல வரிவரியாக. எங்களிடம் ஒரு நிமிடம் காட்டினார். பிறகு பாதையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அங்கே அதைப்போல இருபது முப்பது கற்கள் வரிசையாக இருந்தன.

"இது கடல் சங்கு. நாமெல்லாம் பொறக்காத காலத்துல இங்க கடல் இருந்துச்சாம். அரியலூர்லேருந்து சமுத்திரம் எம்மாந் தூரம் சொல்லுங்க? அது இங்க வந்து படுத்திருந்துருக்கு." சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது, கோயிலுக்குள் பேசுவதுபோல. "டயருல மாட்டி நொறுங்குனா மனசு கேக்க மாட்டேங்குது. அதான் எடுத்து வெக்கிறது."

"மச்சான், நீங்க ஏத்திட்டுப் போற லோடு பூரா அதான். எல்லாம் அரைச்சு சிமெண்டா போவுது. இந்த ஒண்ண எடுத்து வெச்சு என்ன ஆவப்போவுது?" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவர் வண்டியைக் கிளப்பிவிட்டுத்தான் பதில் சொன்னார். "தெரியும். முப்பது வருசமா நான் கடலத்தான் அள்ளிக் கொட்டிக்கிட்டு இருக்கேன்."

என் கடை அலமாரிக்கு ஒன்று கேட்டேன். தரவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும் என்றார். சுரங்கம் அகலமானபோது அந்த வரிசையும் ஒருநாள் லோடாகிப் போனது. மறுவாரமே வேறொரு ஓரத்தில் வேறொரு வரிசையைத் தொடங்கிவிட்டார்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் நான் கார் வாங்கினேன். சின்ன எஸ்யூவி. பார்க்க ஜீப் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருக்கும், உண்மையில் முன்சக்கரம் இரண்டுதான் இழுக்கும். பின்சக்கரங்கள் கல்யாண வீட்டில் நான் செய்கிற வேலையைச் செய்யும், அதாவது கூடவே வரும். கோயில் வாசலில் பூசாரி நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏற்றி நசுக்கலாம் என்று நான் சாவியைத் திருப்பினால் மச்சானைக் காணோம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையால் அளந்துகொண்டிருந்தார். "வயித்துக்கும் தரைக்கும் ஒரு ஜாண். ஞாபகம் வெச்சுக்குங்க மாப்ள" என்றார். அன்றிலிருந்து அந்தக் காருக்கு வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் அவர் ஜாண் போட்டே பார்த்தார்.

இமயமலைப் பேச்சு எப்படி வந்தது என்றால், அவர் வேலையிலிருந்த கடைசி நாட்களில் சுரங்கத்துக்குக் கல் பார்க்க வந்த ஒரு கல்லூரிப் பெண் அவர் ஓரம் கட்டி வைத்த சங்குகளைப் பார்த்து மலைத்துப்போய், இதே சாதிச் சங்கு ஸ்பிட்டி என்கிற இடத்தில், மலை உச்சிக் கணவாய்களில் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதே கேள்வி. "அம்மாம் ஒசரத்துலயா? கடலா? மலைமேலயா?" பிறகு ஒருநாள் மெதுவாகச் சொன்னார். "அது கெடக்கற எடத்துல ஒரு தடவ எறங்கிப் பாத்துட்டா போதும்."

"நம்ம வண்டி போவாத எடமா? போயிட்டு வந்துருவோம்" என்று பீற்றிக்கொண்டேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

முப்பது வருடம் சுண்ணாம்புத் தூசி தின்ற நெஞ்சு அவருக்கு. திருச்சி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மலைக்கெல்லாம் போவதாக இருந்தால் இந்த ஒரு வருடம்தான், அடுத்த வருடம் என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரையும் தனியாக அனுப்பினால் நான் அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டு வந்துவிடுவேன் என்று என் மனைவியும் கூடக் கிளம்பினாள்.

அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை வேண்டும் என்றார் மச்சான். அரும்பாவூர்ப் பக்கமிருந்து பச்சைமலைமேல் ஏறும் மண்பாதை ஒன்றில் காரை விட்டோம். விட்டோம் என்று சொல்கிறேன். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் உருட்டிக்கொண்டு போனேன். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். காற்று குறைந்தால் டயர் அகலமாக அழுந்தி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஜாண் போட்டார், கல்லைப் புரட்டினார், தலையில் கை வைத்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னிடம் வந்து, "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. நடந்தே வந்திருக்கலாம் என்றேன். "நான் நடந்துதான மாப்ள வந்தேன்" என்றார்.

பெரம்பலூரிலிருந்து கிளம்பி ஏழு நாள் ஓட்டினோம். சமவெளி முழுக்க நான் ஓட்டினேன், மலை தொடங்கியதும் ஸ்டீரிங்கை அவரிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கீழே எங்கோ ஆறு ஒரு நூல்போலத் தெரிந்தது. தார் முடிந்தது, பிறகு மண் முடிந்தது, பிறகு வெறும் கல். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடிய கண்ணோடு அவர் ஓட்டுவதைக் கேட்டேன். முதல் கியரில் எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. ஒரு கல் கூட வயிற்றில் இடிக்கவில்லை. எங்கெல்லாம் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டதோ அங்கெல்லாம் எனக்கு உயிர் வந்தது. இருபத்தைந்து வருடம் எரிச்சலோடு கேட்ட சத்தம் அது.

முதல் கணவாயின் உச்சியில் மூன்று பேரும் இறங்கி நின்றோம். மரம் இல்லை, புல் இல்லை, பறவை இல்லை. கயிற்றில் கட்டிய வண்ணத் துணிகள் மட்டும் காற்றில் படபடத்தன. சுற்றிலும் மலைகள், மலைகளுக்குப் பின்னால் மலைகள், அதற்கும் பின்னால் வெள்ளையாக இன்னும் மலைகள். கடையில் ஸ்குரூவைத் தேடியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். எனக்கு அங்கே கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மச்சான் இரண்டு அடி நடந்தார், நின்று மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். பிறகு உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

"இம்மாம் பெருச எது தூக்குச்சு மாப்ள?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. விடை புத்தகத்தில் இருக்கும். ஆனால் அவர் கேட்ட மாதிரிக் கேட்பதற்கு அந்தத் தரையில் கை வைத்திருக்க வேண்டும்.

சங்கு இருக்கிற கணவாய் இரண்டாவது. ஆற்றோரக் கிராமம் ஒன்றில் இரண்டு இரவு தங்கி மூச்சைப் பழக்கிக்கொண்டு, காலையில் கிளம்பினோம். ஏற ஏற என் மனைவி பேச்சைக் குறைத்தாள். பிறகு தலை வலிக்கிறது என்றாள். பிறகு கதவைத் திறந்து வாந்தி எடுத்தாள். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. கணவாய்க்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கும். அங்கே போய் ஐந்தே நிமிடம் நின்று, மச்சான் ஆசையை முடித்துவிட்டு, உடனே இறங்கிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

அந்த இடத்தில் ஒரு ஓடை பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. பனி உருகி வருகிற தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு இருக்கும், வெயில் ஏற ஏறப் பெருகும். நாங்கள் போனபோது உச்சி வெயில். மச்சான் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கினார். ஓடையைக் கடக்க இரண்டு வழி தெரிந்தது. இடதுபக்கம் கன்னங்கரேலென்று ஈரமான சரளை, அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வலதுபக்கம் வெள்ளையாக, மட்டமாக, ஒரு பழைய பனித்தட்டு கெட்டியாகக் கிடந்தது. அவர் கையோடு கொண்டுவந்திருந்த கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடுவில் போய் நின்றார். கை தலைக்குப் போயிற்று.

பின்சீட்டில் என் மனைவி முனகினாள். "ஏங்க, மண்ட வெடிக்குதுங்க."

நான் ஸ்டீரிங்குக்கு மாறி உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பிறந்த யாரும் செய்கிறதைத்தான் செய்தேன். பெரம்பலூர் அரியலூர் மண்ணில் மழை பெய்தால் கறுப்பு மண்ணில் வண்டியை விடமாட்டோம், கரிசல் அச்சுவரை இழுத்துக்கொள்ளும். வெள்ளைத் தரை என்றால் சுண்ணாம்புக்கல், லாரியே போகும். ஐம்பது வருடம் கண்ணுக்குப் பழகிய கணக்கு. மச்சானின் கை தலையில் இருந்தது. பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். பார்த்துக்கொண்டே வெள்ளையில் காரை விட்டேன்.

பனித்தட்டுக்கு அடியில் தண்ணீர் அரித்துப் பொந்தாக்கி வைத்திருந்தது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். முன்பக்கம் இடது சக்கரம் உள்ளே போய், வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஜாண் இடைவெளி எல்லாம் போய் வயிறு பனியில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் போன பள்ளத்தில் தண்ணீர் சுழித்தது.

மச்சான் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நேரே பின்கதவைத் திறந்து தங்கையைக் கைத்தாங்கலாக இறக்கி, மேட்டில் உட்காரவைத்து, தன் கம்பளியையும் சேர்த்துப் போர்த்தினார். பிறகு வந்து தண்ணீரைப் பார்த்தார். "ஏறுது. ஜாக்கிய எடுங்க. கல்லு போட்டு ரிவர்ஸ்ல எடுத்துருவம்" என்றார்.

ஜாக்கியை நான் சுழற்றினேன். அவர் கல் பொறுக்கிக்கொண்டு வந்தார். நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறார், நெஞ்சு விசில்போல ஊதுகிறது. கொண்டுவந்த கற்களைப் பள்ளத்தில் போட்டு அடுக்கினோம். மேலே ஒன்று மட்டும் வேண்டும், ஒருபக்கம் தட்டையாக, கனமாக. ஓடையில் கிடப்பதெல்லாம் உருண்டைக் கல், டயர் வழுக்கும். அதைத் தேடிப் போனவர் திரும்பி வரவில்லை. பார்த்தால் கரையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் என் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"மச்சான், என்ன பண்றீங்க? சீக்கிரம் வாங்க!" என்று கத்தினேன். மேட்டில் உட்கார்ந்திருந்தவள் மறுபடி குனிந்து வாந்தி எடுத்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்தார்.

கையில் ஒரு கறுப்புக் கல். பலாக்கொட்டைபோல உருண்டையான கல், சரிபாதியாகப் பிளந்து ஒருபக்கம் பலகைமாதிரித் தட்டையாக இருந்தது. அந்தத் தட்டையில் ஒரு சுருள். உள்ளே உள்ளே சுருண்டுகொண்டு போகிற சுருள், சீப்புப் பல்போல வரிவரியாக. மேலேயிருந்து ஓடை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

ஜாக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "மச்சான், இது... இதப் பாக்கத்தான..."

"தெரியும். நவுருங்க மாப்ள, தண்ணி ஏறுது."

"வேற கல்லு பாப்பம் மச்சான்."

"வேற இல்ல. பாத்துட்டேன்."

அவர் பார்த்துவிட்டேன் என்றால் அதற்குமேல் பேச்சே இல்லை. குனிந்து, புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற பக்குவத்தில் அதைச் சக்கரத்தடியில் வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை. கல்லை மெல்லத் திருப்பி, சங்கு இருந்த முகத்தைக் கீழே வைத்தார். உருண்டை முதுகில் டயர் வழுக்குமே என்று நான் நினைப்பதற்குள், ஒரு சாக்கை மடித்து அதன்மேல் போட்டு இரண்டு கையாலும் அழுத்தினார். முப்பது வருடம் டயருக்கு முன்னால் கிடந்த சங்கையெல்லாம் இறங்கி இறங்கி ஓரம் கட்டி வைத்த மனிதர். அந்தக் கையாலேயே ஒன்றை எடுத்து வந்து டயருக்குக் கீழே கொடுத்தார்.

"நான் சொல்லும்போது எடுங்க" என்றார். இந்த முறை அவர் கையை மட்டுமே பார்த்தேன். கை இறங்கியது. ரிவர்ஸில் எடுத்தேன். டயர் ஒரு விநாடி சுற்றியது, பிடித்தது, வண்டி துள்ளிக்கொண்டு கரைக்கு ஏறியது. திரும்பிப் பார்த்தபோது பனித்தட்டின் மிச்சமும் இடிந்து அந்தப் பள்ளத்தின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு எட்டு போயி தேடிப் பாக்கட்டுமா?" என்றேன்.

"தங்கச்சிய ஏத்துங்க. கீழ போவணும்."

கணவாய் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. வளைந்து வளைந்து ஏறுகிற பாதையும், உச்சியில் ஒரு புள்ளியாக வண்ணத்துணியும். அவர் வண்டியைத் திருப்பினார். ஒருமுறைகூடக் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்க இறங்க என் மனைவியின் முகத்தில் ரத்தம் திரும்பிற்று. ஆற்றோரம் வந்து சேர்ந்து அவள் ஒரு டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடித்த பிறகுதான் மச்சான் வாயைத் திறந்தார்.

"நம்மூருது மஞ்ச. இது கறுப்பு." விரலால் ஆற்றுமணலில் ஒரு சுருளை இழுத்தார். "வரி ஒண்ணுதான் மாப்ள. அதே வரி."

அவர் கண் கலங்கியிருந்தது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரே கடலைக் கண்டுவிட்ட மனிதரின் முகம் அது. கெட்டுப்போன காரியத்துக்கு மன்னிப்புக் கேட்க நான் வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விழுங்கினேன். கேட்டால் அந்த முகம் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் தெருவே கூடிவிட்டது. "இமயமலைக்குப் போயிட்டு என்னத்தக் கொண்டாந்தீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சான் திண்பண்டப் பையை இறக்கிக்கொண்டே சொன்னார். "எந்தங்கச்சியக் கொண்டாந்தேன். மாப்ளையும் கூட வந்துட்டாரு." எல்லாரும் சிரித்தார்கள். என்னையும் அறியாமல் நானும் சிரித்தேன். நான் அந்த வெள்ளையில் வண்டியை விட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியும் நானும் பேசிக்கொள்வதோடு சரி.

டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. அடுத்த வருடம் அவரால் அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் படிகூட ஏற முடியவில்லை. அதற்கடுத்த ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார்.

நான்கு நாள் பெய்த அடைமழை அன்றுதான் விட்டிருந்தது. சுடுகாட்டுக்குப் போகிற பாதை ஒருபக்கம் கரிசல் சேறு, மறுபக்கம் பஞ்சாயத்தில் கொட்டிய வெள்ளைச் சல்லி. அமரர் ஊர்தியின் டிரைவர் வெள்ளைப் பக்கமாக வண்டியை ஒடித்தார். நம்மூர் வெள்ளை, கெட்டியாகத்தான் இருக்கும். எனக்கும் தெரியும். இருந்தாலும் முன்னால் போய் நின்று வண்டியைத் தட்டினேன்.

"நிறுத்துங்க. எறங்கிப் பாத்துட்டு வரேன்."

"நேத்திக்குக்கூட லாரி போச்சு சார்" என்றார் டிரைவர். பின்னாலிருந்து யாரோ, "பொழுது போவுதுல்ல, இவரு வேற" என்று முணுமுணுத்தார்கள். பறையடிப்பவர்கள் அடியை நிறுத்தினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். சல்லியைக் காலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கிடந்த இரண்டு கல்லுக்கு ஜாண் போட்டேன். ஒன்றைப் புரட்டி ஓரம் வைத்தேன். பாதி தூரத்தில் நின்று கையைத் தலைமேல் வைத்துக்கொண்டேன். பின்னால் வந்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் இன்னும் பாதி வழி பார்க்க வேண்டியிருந்தது.

கடைசிவரை நடந்தேன். தரை கெட்டியாகத்தான் இருந்தது. திரும்பி நின்று, கையை உயர்த்தி இரண்டு முறை இறக்கினேன். மச்சானின் வண்டி மெதுவாக வந்தது.